வருமான வரி ரீஃபண்ட்: வரியே கட்ட வேண்டாதவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா போன வருடம் ஜூன் மாதம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆயிரத்து ஐந்நூத்துச் சொச்சம் எடுத்துக்கறாங்க. இது என்ன, மெசேஜ் அனுப்பறதுக்கா?" என்று கேட்டார். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். 15,750 ரூபாய் வட்டி வரவு, அதற்கு நேர் கீழே 1,575 ரூபாய் பற்று, பக்கத்தில் டிடிஎஸ் என்று மூன்றே எழுத்து, அதாவது வட்டியைத் தரும்போதே வங்கி முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடும் வருமான வரி. வருடத்துக்கு நான்கு முறை அப்படி. மொத்தம் 6,300 ரூபாய்.

அவருக்கு வயது 58. கணவர் இறந்தபின் வந்த பணத்தில் 9 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு எஃப்டியில் போட்டிருக்கிறார், மாதம் 12,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது, அவ்வளவுதான் வருமானம். வங்கிக் கிளையில் கேட்டாராம். "அது கவர்மென்ட்டுக்குப் போறது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லைதான். ஆனால் கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்ற மீதிப் பாதியை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ரீஃபண்ட் என்றால் நிறையச் சம்பாதிக்கிறவர்கள், ஆடிட்டர் வைத்திருக்கிறவர்கள் சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் முழுப் பணமும் திரும்பி வரக்கூடிய ஆட்கள், வரி வரம்புக்குக் கீழே இருக்கிறவர்கள்தான். அவர்கள்தான் "எனக்கெல்லாம் வரியே கிடையாது, நான் எதுக்குக் கணக்குத் தாக்கல் பண்ணணும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

சட்டத்தில் இதற்கு என்ன தகுதி என்று பார்த்தால் மிக எளிது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 237-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒரு வருடத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரியைவிட, உங்கள் பெயரில் கட்டப்பட்டது அதிகமாக இருந்தால், அந்த அதிகத் தொகையைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. வயது, வேலை, சம்பளக்காரரா இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன, ஆனால் இந்த அடிப்படை மாறவில்லை. அந்தப் புதிய சட்டத்தின் முதல் வரைவில், கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் ரீஃபண்ட் என்று ஒரு விதி நுழைந்திருந்தது, நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதை நீக்கச் சொல்லி, 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லாமல் போனது. அந்த விதி நின்றிருந்தால் அதிகம் அடிபட்டிருப்பது அந்த அக்கா மாதிரி, தாமதமாகத் தெரிந்துகொள்கிறவர்கள்தான்.

பிடிக்க வேண்டாதவர்களிடம் ஏன் பிடிக்கிறார்கள் என்ற கேள்வி வரும். வங்கிக்கு உங்கள் மொத்த வருமானம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன்னிடம் நீங்கள் வாங்கும் வட்டி மட்டும்தான். அது வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துவிட வேண்டும் என்பது சட்டம். 2024-25 வரை அந்த வரம்பு வருடத்துக்கு 40,000 ரூபாய், 60 வயது ஆனவர்களுக்கு 50,000. 2025 ஏப்ரலிலிருந்து அவை 50,000, 1,00,000 என்று உயர்ந்தன. அக்காவின் வட்டி 63,000, அதனால் பிடித்தார்கள். ஆனால் அவருடைய முழுக் கணக்கைப் போட்டால்? ஓய்வூதியம் 1,44,000, அதில் குடும்ப ஓய்வூதியத்துக்கான கழிவு 25,000 போக 1,19,000, வட்டியைச் சேர்த்தால் 1,82,000. 2024-25-ல் புதிய வரி முறையில் (கழிவுகள் குறைவு, வரி விகிதமும் குறைவு) 3 லட்சம் வரை வரி கிடையாது. ஆக வரி பூஜ்யம், பிடித்த 6,300-ம் அவர் பணம்.

எஃப்டியை விடுங்கள், இதைவிட அதிகம் பேர் இழப்பது பி.எஃப். பணத்தில். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகியோ ஊருக்குத் திரும்பியோ போகும் பெண்கள் பி.எஃப். கணக்கை முடித்துப் பணம் எடுப்பது சாதாரணம். மொத்தச் சேவை 5 வருடத்துக்குக் குறைவாக இருந்து, எடுக்கும் தொகை 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் இணைக்கவில்லை என்றால் 20 சதவீதம். 62,000 எடுத்தால் 6,200 போயிற்று, பான் இல்லாவிட்டால் 12,400. அந்தப் பெண்ணின் வருடச் சம்பளம் 2 லட்சத்தைக்கூடத் தாண்டியிருக்காது. பான் இருந்து 10 சதவீதம் பிடித்திருந்தால் முழுவதும் திரும்ப வாங்கலாம். பான் தராமல் 20 சதவீதம் போயிருந்தால் சிக்கல், ஏனென்றால் அந்தப் பணம் யார் பெயரிலும் வரவாகவில்லை, எந்தக் கணக்கைக் காட்டிக் கேட்பது? அதனால் பி.எஃப். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் பான் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எனக்கு வரி வராது என்ற உறுதிமொழிப் படிவத்தை விண்ணப்பத்தோடு கொடுத்தால் பிடித்தமே இருக்காது. அதைவிட, வேறு வேலைக்குத்தான் போகிறார் என்றால் பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது, அதற்குப் பிடித்தமும் இல்லை, பழைய சேவையும் சேர்ந்துகொள்ளும்.

தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு இன்னும் பெரிய தொகை. ஒரு உள் அலங்கார வடிவமைப்பாளரை எடுத்துக்கொள்வோம். வருடத்தில் நான்கு கம்பெனிகளிடம் சேர்த்து 6 லட்சம் கட்டணம் வாங்கியிருக்கிறார், ஒவ்வொருவரும் 10 சதவீதம் பிடித்துவிட்டுத்தான் தந்திருக்கிறார்கள், மொத்தம் 60,000 போய்விட்டது. இவர் மாதிரி தொழில்முறையாளர்கள் கணக்குப் புத்தகம் வைக்காமல், வாங்கிய கட்டணத்தில் பாதியை வருமானமாகக் காட்டலாம் என்று அனுமதி இருக்கிறது. பாதிக்கும் மேல் லாபம் இருந்தால் அந்த உண்மைத் தொகையைக் காட்ட வேண்டும். பாதி என்றே வைத்தால் வருமானம் 3 லட்சம், வரி இல்லை, 60,000-ம் திரும்ப வர வேண்டியது. பெயின்டர், எலக்ட்ரீஷியன் என்று ஒப்பந்த வேலை செய்கிறவர்களிடம் 1 சதவீதம்தான் பிடிப்பார்கள், தொகை சிறிது, ஆனால் அவர்களும் கேட்கலாம்.

சம்பளக்காரர்களில் எனக்குத் தெரிந்து அதிகம் ஏமாறுவது வருட நடுவில் வேலையை விட்டவர்கள். மாதம் 1,20,000 சம்பளம் என்றால், கம்பெனி அந்த ஆள் மார்ச் வரை இருப்பார் என்று கணக்குப் போட்டு, 14,40,000-க்கு வரியைப் பன்னிரண்டாகப் பிரித்துப் பிடிக்கும். 2025-26 கணக்குப்படி நிலையான கழிவு 75,000 போக 13,65,000, அதற்கு வரி, செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து, 88,140, மாதத்துக்கு 7,345. செப்டம்பரோடு வேலையை விட்டுவிட்டு அதற்கப்புறம் மார்ச் வரை வேறு வருமானமே இல்லை என்று வையுங்கள். ஆறு மாதத்தில் பிடித்தது 44,070. அவருடைய உண்மையான வருட வருமானமோ 7,20,000, கழிவு போக 6,45,000, வரியே வராது. கடைசிக் கணக்கு முடிக்கும்போது கம்பெனி இதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் 44,070-ம் அவர் கேட்டு வாங்க வேண்டியதுதான். இதற்கு நேர் எதிரானதும் உண்டு: வருட நடுவில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, பழைய சம்பளத்தைப் புதிய கம்பெனியிடம் சொல்லாதவர்கள். இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாக அடிப்படை வரம்பைக் கொடுத்திருக்கும், இவர்கள் ரீஃபண்ட் எதிர்பார்த்துத் திறந்தால் கட்ட வேண்டிய பாக்கிதான் இருக்கும்.

இந்த 12 லட்சம் விஷயத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2025-26 முதல் 12 லட்சம் வரை வரி இல்லை என்றால், 12 லட்சம் வரை கணக்குக் காட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை. அடிப்படை வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் வரும் வரியை 60,000 வரை தள்ளுபடி செய்கிறார்கள், அவ்வளவே. அந்தத் தள்ளுபடியும் கணக்குத் தாக்கல் செய்தால்தான் பதிவாகும், பங்கு விற்ற லாபம் போல தனி விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்கு அது பொருந்தாது. இன்னொன்று, வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் வருடத்தில் பிடித்த தொகை 25,000 அல்லது அதற்கு மேல் என்றால் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்று விதியே இருக்கிறது. 60 வயதானவர்களுக்கு 50,000.

பிடித்தம் என்று தெரியாமலே போகும் பணமும் இருக்கிறது. 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் வாங்கினால் ஷோரூமில் 1 சதவீதம் வரி சேர்த்து வாங்குவார்கள். 12 லட்சம் வண்டிக்கு 12,000. ரசீதில் காப்பீடு, சாலை வரி எல்லாவற்றுக்கும் நடுவில் அது ஒரு சின்ன வரிசையில் கிடக்கும். வண்டி யார் பெயரிலோ அவருடைய பான் எண்ணில் அது வரவாகியிருக்கும், அவர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லை என்றால் திரும்ப வாங்கலாம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பணம் கட்டினாலும் இதே கதைதான். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம்மவர்கள் ஊரில் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) டெபாசிட் போட்டிருந்தால் பிடிப்பது 10 சதவீதம் இல்லை, செஸ்ஸோடு சேர்த்து 31.2 சதவீதம். 1 லட்சம் வட்டிக்கு 31,200. இந்தியாவில் வேறு வருமானம் இல்லை என்றால் அதுவும் முழுவதும் திரும்பும், ஏனென்றால் வட்டி வருமானத்துக்கு அடிப்படை வரம்பு அவர்களுக்கும் உண்டு. 12 லட்சத் தள்ளுபடிதான் அவர்களுக்கு இல்லை.

எல்லாப் பிடித்தமும் திரும்ப வரும் என்றும் நினைக்க வேண்டாம். லாட்டரி, ஆன்லைன் விளையாட்டு ஜெயித்த பணத்தில் 30 சதவீதம் பிடித்தால், உங்கள் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது போனது போனதுதான்.

சரி, உங்கள் பெயரில் ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வருமான வரித் துறை இணையதளத்தில் பான் எண்ணை வைத்து நுழைந்தால் 26ஏஎஸ் என்ற அறிக்கையும் ஏஐஎஸ் என்ற அறிக்கையும் இருக்கும். யார் எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்து உங்கள் பெயரில் கட்டினார்கள் என்பது அதில் வரும். இந்த இரண்டையும் பார்க்காமல் தாக்கல் செய்யவே கூடாது. அங்கே இல்லாத பிடித்தத்தைக் கேட்டால் வராது, பிடித்தவர் பான் எண்ணில் ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டிருந்தால்கூட அவரே திருத்தி அனுப்பினால்தான் உங்கள் பெயரில் வரும். மார்ச் வரையான பிடித்தம் அதில் ஏறுவதற்கு ஜூன் ஆகிவிடும், அதனால் ஏப்ரலிலேயே அவசரப்பட வேண்டாம்.

அக்காவுக்குக் கணக்குப் போட்டுத் தாக்கல் செய்ய எனக்குக் கால் மணி நேரம் ஆகவில்லை. மாட்டிக்கொண்டது பெயரில். ரீஃபண்ட் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அந்தக் கணக்கை இணையதளத்தில் முன்கூட்டிச் சரிபார்த்து வைக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் அட்டையிலோ இனிஷியலை விரித்து எழுத வேண்டும். அக்காவின் பான் அட்டையில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கிறது, வங்கியில் கணவரின் இனிஷியல், ஆதாரில் இனிஷியலே இல்லை. மூன்று ஆவணம், மூன்று பெயர். கணக்கு சரிபார்ப்பு இரண்டு முறை தோற்றது. கடைசியில் பான் அட்டை நகலோடு வங்கிக்குப் போய், கணக்கிலுள்ள பெயரைப் பான் அட்டையில் உள்ளபடியே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி முயன்றபோதுதான் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் ரீஃபண்ட் நின்றுபோகிறதா, முதலில் பெயரைப் பாருங்கள் என்பேன்.

அடுத்தது சரிபார்ப்பு. தாக்கல் செய்து 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமாகவோ வேறு வழியிலோ அதை உறுதிப்படுத்த வேண்டும், செய்யாவிட்டால் நீங்கள் தாக்கலே செய்யாத மாதிரி. அக்காவின் ஆதாரில் இருந்த எண் துபாயில் இருக்கும் மகனுடைய பழைய எண். அவர் அங்கே வேலை முடிந்து அறைக்கு வரும்வரை காத்திருந்து, போனில் ஆறு இலக்கத்தை வாங்கிப் போட்டோம். ஆதாரோடு பான் இணைக்காமல் விட்டு, பான் செயலிழந்து கிடக்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம்: இணைக்கும்வரை ரீஃபண்ட் தரமாட்டார்கள், அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது, போதாததற்குப் பிடித்தமும் கூடுதல் விகிதத்தில் நடக்கும்.

கெடு விஷயத்துக்கு வருவோம். சம்பளம், ஓய்வூதியம், வட்டி மட்டும் உள்ளவர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31. அதற்குள் செய்தால் இரண்டு நன்மை. திரும்ப வரும் பணத்துக்கு ஏப்ரல் 1-லிருந்தே மாதம் அரை சதவீதம் வட்டி சேரும், தாமதித்தால் தாக்கல் செய்த நாளிலிருந்துதான். இரண்டாவது, வீட்டு வாடகைப் படி, 80சி பிரிவில் வரும் எல்ஐசி, பி.எஃப். போன்ற முதலீடு, வீட்டுக் கடன் வட்டி இதையெல்லாம் கழிக்கும் பழைய முறை வேண்டும் என்கிறவர்கள் கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் அதைத் தேர்ந்தெடுக்க முடியும். கம்பெனியில் ஆவணம் கொடுக்க மறந்ததால் அதிகம் பிடித்துவிட்டார்கள், ரீஃபண்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே ஆகஸ்ட் வரை விட்டால் அந்த வாசல் மூடிவிடும். கெடு தாண்டினாலும் டிசம்பர் 31 வரை தாமதத் தாக்கல் செய்யலாம், அபராதக் கட்டணம் 1,000 அல்லது 5,000 இருக்கும், ஆனால் மொத்த வருமானம் அடிப்படை வரம்புக்குக் கீழே இருந்தால் பொதுவாக அதுவும் இல்லை.

டிசம்பர் 31-ம் போய்விட்டதா? அப்டேட்டட் ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள், அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது, அது கூடுதல் வரி கட்டுவதற்கு மட்டும். ஆனால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கிறது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி, அந்தக் கணக்கீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 5 வருடத்துக்குள் கேட்கலாம். உடல்நிலை, குடும்பத்தில் இறப்பு என்று உண்மையான கஷ்டம் என்ன இருந்ததோ அதை ஆதாரத்தோடு எழுத வேண்டும். அனுமதித்தாலும் வட்டி தரமாட்டார்கள், அசல் மட்டும் வரும். பெரிய தொகை என்றால் கட்டாயம் முயன்று பாருங்கள்.

ரீஃபண்ட் ஒப்புக்கொண்டபின் பணம் குறைவாக வந்தால், பழைய பாக்கி ஏதாவது உங்கள் பெயரில் இருந்து அதில் கழித்திருப்பார்கள். கழிப்பதற்கு முன் நோட்டீஸ் வரும், பதில் சொல்ல 21 நாள். பலருக்கு அது வருவதே தெரியாது, மின்னஞ்சல் முகவரி தாக்கல் செய்து கொடுத்த கடைக்காரருடையதாக இருக்கும். இதனால்தான் கடையில் கொடுத்துச் செய்தாலும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும் என்கிறேன்.

கடைக்காரர் என்றதும் ஒரு எச்சரிக்கை. "ரீஃபண்ட் வாங்கித் தரேன், வர்றதுல பத்து பர்சென்ட் குடுங்க" என்று வருகிறவரிடம் போகாதீர்கள். உண்மையாகவே வர வேண்டிய பணத்தைக் கணக்குப் போட இவ்வளவு கமிஷன் தேவையே இல்லை. வர வேண்டாத பணத்தை வரவழைக்கத்தான் அவர்களுக்கு அந்தப் பங்கு. கட்டாத வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, எடுக்காத மருத்துவக் காப்பீடு என்று எதையாவது போட்டுவிடுவார்கள். 2025 ஜூலையில் இப்படிப்பட்ட இடைத்தரகர்களைக் குறிவைத்துத் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 150 இடங்களில் துறை சோதனை நடத்தியது. பொய்க் கழிவு என்று முடிவானால் அந்த வரியோடு அதன் இரண்டு மடங்கு வரை அபராதம் போடலாம், அது தரகருக்கு அல்ல, பான் எண்ணுக்குச் சொந்தக்காரருக்கு. கைபேசியில் "உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பைத் தொடுங்கள்" என்று வரும் செய்தியையும் தொடாதீர்கள். ரீஃபண்ட் கொடுக்கத் துறை போனிலோ மெசேஜிலோ யாரிடமும் கார்டு எண்ணோ ஓடிபியோ கேட்பதில்லை.

அக்காவுக்கு ஆகஸ்ட் நடுவில் பணம் வந்தது, 6,300-ம் அதற்கு நூற்றைம்பது ரூபாய்ச் சொச்சம் வட்டியும். அந்த வட்டியும் அடுத்த வருடக் கணக்கில் வருமானம், குறித்துவைக்கச் சொன்னேன். ஆனால் அவருக்கு அதைவிட உபயோகமானது ஜூனில் நாங்கள் வங்கிக்குப் போன அன்றே செய்த இன்னொரு வேலை. அப்போதிருந்த 15ஜி படிவம் எழுதிக் கொடுத்தோம், 60 வயதாகியிருந்தால் 15எச். 2026 ஏப்ரலிலிருந்து இரண்டுக்கும் பதில் 121 என்ற ஒரே படிவம். எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள் என்ற உறுதிமொழி அது. கொடுத்த நாளிலிருந்துதான் செல்லும், முன்னால் பிடித்ததைத் திருப்பித் தராது, ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாக, டெபாசிட் வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் கொடுக்க வேண்டும். ஜூன் மாத இறுதியில் வட்டி வரவானது. பாஸ்புக்கில் 15,750 மட்டும் இருந்தது, கீழே அந்த மூன்று எழுத்து இல்லை.